ஜாமீன், வாய்தா, தண்டனை: பாளையங்கோட்டை கோர்ட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கிரிமினல் கேஸ் பார்க்கிற வக்கீல் நான். ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவை, ராத்திரி பத்து மணிக்குப் போனில் கேட்பவை, கேன்டீனில் டீ குடிக்கும்போது கேட்பவை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதி வைக்கிறேன். முதலில் ஒரு விஷயம். 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ.வுக்குப் பதில் பி.என்.எஸ்., பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. 302 என்றால் கொலை என்று ஊருக்கே தெரியும். இப்போது அது 103. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த சம்பவத்துக்கு இன்றும் பழைய இ.பி.கோ. பிரிவுதான், அதனால் கோர்ட்டில் இரண்டு நம்பரும் காதில் விழும், குழம்ப வேண்டாம்.

தம்பியைக் காலையில ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. முதல்ல என்ன செய்யணும்?

எந்த ஸ்டேஷன், குற்ற எண் என்ன, என்ன பிரிவுகள் போட்டிருக்கிறார்கள், இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு வக்கீலுக்கு போன் போடுங்கள். "ஏதோ அடிதடி கேஸு" என்று மட்டும் சொன்னால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே பெரும்பாலும் பார்க்கலாம். பாலியல் குற்றம், போக்சோ மாதிரியானவற்றை அங்கே போட மாட்டார்கள்.

அப்புறம், கூட்டிக்கொண்டு போனதெல்லாம் கைது ஆகிவிடாது. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது ஏன் அவசியம் என்று போலீஸ் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த மாதிரி கேஸ்களில் பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன் கீழ் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு வரச் சொல்வார்கள். நோட்டீஸ் வந்தால் ஒழுங்காகப் போய் ஆஜராகுங்கள். ஏட்டய்யா தெரிந்தவர்தானே என்று போகாமல் இருந்தால், அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

கைதுதான் என்றால், காரணத்தை அவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். காரணத்தை எழுத்தில் கொடுக்காத கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சமீபத்திய வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

ரிமாண்ட் பண்ணும்போது நாங்க யாராவது போகணுமா?

போங்கள். வக்கீலோடு போங்கள். ரிமாண்ட் என்பது ரப்பர் ஸ்டாம்ப் வேலை இல்லை. மாஜிஸ்திரேட் ஆளை நேரில் பார்க்க வேண்டும், அடித்தார்களா என்று கேட்க வேண்டும், காயம் இருந்தால் எழுத வேண்டும், காவலில் வைக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்தார்கள் என்று பிடித்துக்கொண்டு போன தகப்பனும் மகனும் கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போய் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். நமக்குப் பக்கத்து ஊர், யாருக்கும் மறக்காது. அந்தச் சமயத்தில் எழுந்த பெரிய கேள்விகளில் ஒன்று, இவர்களை ரிமாண்ட் செய்தவர் சரியாகப் பார்த்தாரா என்பதுதான். எனவே தம்பிக்கு வலி, காயம், ரத்தக்கசிவு எது இருந்தாலும் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். "ஒண்ணும் இல்லய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து எங்களிடம் முதுகைக் காட்டினால், அதைப் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

ரிமாண்ட் ஆன ஆண்களைப் பெரும்பாலும் பாளை மத்திய சிறைக்கோ பக்கத்துக் கிளைச்சிறைக்கோ கொண்டுபோவார்கள், பெண்களைக் கொக்கிரகுளம் பெண்கள் சிறைக்கு. ரிமாண்ட் தண்டனை கிடையாது. குற்றவாளி என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

எந்த கேஸ்ல ஸ்டேஷன்லயே விட்டுருவாங்க?

ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை, ஸ்டேஷனிலேயே விடலாம், விட வேண்டும். நாலுவழிச்சாலையில் வண்டி மோதி ஒருவர் இறந்துபோனால் போடுகிற அஜாக்கிரதை மரணப் பிரிவு, பி.என்.எஸ். 106(1), அப்படிப்பட்டது. தண்டனை பழைய இரண்டு வருடத்திலிருந்து ஐந்தாகக் கூடியிருக்கிறது, ஆனாலும் ஜாமீனில் விடத்தக்கதுதான். ஜாமீன்தாரர் கொடுக்க வசதியில்லாத ஏழையைச் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும். ஒரு வாரமாகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால் அவர் ஏழை என்றே கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

திருட்டு, கொலை முயற்சி, கொலை, போக்சோ இவற்றில் எல்லாம் ஸ்டேஷனில் கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை, கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும்.

ஜாமீன் கொடுக்கலாமா வேண்டாமான்னு ஜட்ஜ் எதை வச்சு முடிவு பண்றாரு?

அன்றைக்கு அவர் மனநிலையை வைத்து என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. ஆள் ஓடிப்போவானா, சாட்சியை மிரட்டுவானா, வெளியே வந்து மறுபடி செய்வானா, குற்றம் எவ்வளவு பெரியது, முதல் பார்வைக்கு ஆதாரம் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. குற்றம் செய்தானா என்பது ஜாமீன் கட்டத்தில் முடிவாகாது. அதனால் மனுவில் "எங்க பையன் ரொம்ப நல்லவன்" என்று நாலு பக்கம் எழுதுவதைவிட, சொந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, எங்கே வேலை பார்க்கிறான், முன்வழக்கு உண்டா இல்லையா, காயம்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா என்று எழுதுவது உதவும். அந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஆள் இன்னும் ஐ.சி.யு.வில் கிடக்கும்போது போடுகிற மனு பெரும்பாலும் தள்ளுபடிதான், அரசு வக்கீல் எழுந்து அதை மட்டும் சொன்னால் போதும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அதே மனு வேறு மாதிரி போகும்.

பெண்கள், சிறார், நோயாளிகளுக்கு மாஜிஸ்திரேட்டே சலுகை காட்டச் சட்டத்தில் இடம் இருக்கிறது. "ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு" என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1977-ல் எழுதியது எல்லா மனுவிலும் இருக்கும். அதை மேற்கோள் காட்டினால் மட்டும் யாருக்கும் ஜாமீன் கிடைத்துவிடாது.

மாஜிஸ்திரேட் மறுத்தால் செஷன்ஸ், செஷன்ஸ் மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2004-க்கு முன்னால் இதற்கெல்லாம் மெட்ராஸுக்கு ரயில் ஏற வேண்டும். இப்போது காலை பஸ்ஸில் போய் ராத்திரி திரும்பிவிடலாம்.

முன்ஜாமீன் போடலாமா? இல்ல வேற ஊர் கோர்ட்ல சரண்டர் ஆயிரலாமா?

இரண்டும் வேறு வேறு. முன்ஜாமீன் என்பது கைதுக்கு முன்பே வாங்குவது, செஷன்ஸிலோ ஹைகோர்ட்டிலோதான் போட முடியும், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 482. பொதுவாக அதற்குக் காலக்கெடு கிடையாது என்று 2020-ல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. மனு நிலுவையில் இருக்கும்போது போலீஸ் பிடிக்கக் கூடாது என்று தானாக எதுவும் வந்துவிடாது, கோர்ட் அப்படி உத்தரவு போட்டால்தான் உண்டு.

சரண்டர் ஆனால் ரிமாண்ட்தான். பேப்பரில் "கோர்ட்டில் சரண்" என்று வருகிறதைப் பார்த்துவிட்டு அது ஏதோ தப்பிக்கிற வழி என்று நினைக்காதீர்கள். ஸ்டேஷனில் அடி வாங்காமல் நேராக ஜெயிலுக்குப் போகிற வழி, அவ்வளவே. போலீஸ் காவலும் கேட்கலாம். முன்பு முதல் 15 நாளுக்குள் கேட்டாக வேண்டும் என்றிருந்தது, இப்போது அந்த 15 நாளைக் குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பிரித்துப் பிரித்துக்கூடக் கேட்க முடியும்.

60 நாள், 90 நாள்னு சொல்றாங்களே, அது என்ன?

மரண தண்டனை, ஆயுள், பத்து வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள்; மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் கட்டாயம், கொலை கேஸாக இருந்தாலும் சரி. ஜட்ஜ் குற்றத்தின் தன்மையைப் பார்க்கவே முடியாது. ரிமாண்ட் ஆன அன்றைய தினத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கொரோனா சமயத்தில்கூட இந்த நாள் கணக்கை நீட்ட முடியாது என்று 2020-ல் வந்த தீர்ப்பு மதுரை சமயநல்லூர் போலீஸ் வழக்கிலிருந்து போனதுதான்.

ஆனால் ஒரு கொக்கி. நாள் முடிந்ததும் மனு போட வேண்டும். நீங்கள் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுநாள் காலையில் சார்ஜ் ஷீட் வந்து விழுந்தால் உரிமை போச்சு. நாங்கள் டைரியில் 61, 91 என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு வைப்பது இதற்குத்தான். உங்கள் வக்கீலிடமும் அந்தத் தேதியைக் கேட்டு வையுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஜாமீன் ஆர்டர் வந்து ஒரு வாரம் ஆச்சு, ஆள் இன்னும் உள்ளதான் இருக்கான். ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என்னைக் கேட்டால் ஜாமீன் வாங்குவதில் பாதி வேலை ஆர்டருக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஆர்டரில் வழக்கமாக இப்படி இருக்கும்: இவ்வளவு ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த உறவு. ஜாமீன்தாரர் போட்டோ ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைத்து, ஆதாரோ வங்கி பாஸ்புக்கோ நகல் கொடுக்க வேண்டும். இதோடு ரேஷன் கார்டு, வீட்டுத் தீர்வை ரசீது, சில கோர்ட்டில் வி.ஏ.ஓ. சான்று. வீட்டுத் தீர்வை ரசீது செத்துப்போன தாத்தா பேரில் இருக்கும், ஆதாரில் இனிஷியல் வேறாக இருக்கும், ரேஷன் கார்டில் கதவு எண் பழசாக இருக்கும். கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வெள்ளிக்கிழமை மதியம் இப்படித் திரும்பினால் இனி திங்கட்கிழமைதான்.

ஜாமீன்தாரரைக் கூண்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, "எதிரி உங்களுக்கு என்ன உறவு? சர்வே நம்பர் என்ன? வேற யாருக்காவது ஜாமீன் நின்னிருக்கீங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். "வக்கீல் சார் வரச் சொன்னாரு" என்று பதில் சொன்ன மாமாக்கள் உண்டு. முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். பொய் சொல்லிக் கொடுக்கச் சொல்லவில்லை, அவர் பேரில் என்ன சொத்து இருக்கிறது என்பதையாவது அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். பிடிபட்டால் அவர் பேரில் ஒரு கேஸ், உங்கள் ஆர்டரும் கெட்டுப்போகும்.

முக்கூடலில் பீடி சுற்றுகிற அம்மா, மகனுக்கு ஜாமீன் நிற்கச் சொத்துக்கு எங்கே போவார்? 1978-ல் மோதி ராம் என்ற கொத்தனாருக்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார், அண்ணன் ஜாமீன் நிற்க வந்தபோது உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யர் அதை உடைத்து 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆனபிறகு, "ஜாமீன்தாரர் வேற மாவட்டம்" என்று இங்கே யாராவது முகம் சுளித்தால் எனக்கு இந்தத் தீர்ப்புதான் ஞாபகம் வரும். சங்கரன்கோவில் சித்தப்பா ஒரே ராத்திரியில் அசலூர்க்காரர் ஆகிவிடுவாரா?

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால் கோர்ட்டே நிபந்தனையைக் குறைக்கலாம். இதைச் சொல்லி மனு போடுங்கள். ஒரே ஆள் மீது பல கேஸ் இருந்தால் அதே இரண்டு ஜாமீன்தாரர் எல்லாக் கேஸுக்கும் நிற்கலாம் என்று 2024-ல் இன்னொரு தீர்ப்பும் இருக்கிறது.

எல்லாம் சரியாகி விடுதலை உத்தரவு ஜெயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் சாயங்காலம் லாக்கப் நேரம் ஆகிவிட்டால், ஆள் மறுநாள் காலையில்தான் வருவார். ஜெயில் வாசலில் ராத்திரி முழுக்க வேனை நிறுத்திவைத்துக் காத்திருப்பதால் பயன் இல்லை. மாலையும் வெடியும் வேண்டவே வேண்டாம். போன் கேமராக்கள் எல்லா இடத்திலும் இருக்கின்றன, அந்த வீடியோ ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி அரசுத் தரப்பு போடுகிற மனுவோடு போய்ச் சேரும்.

நிபந்தனை ஜாமீன்ல இருக்கேன். கோயில் கொடைக்கு ஊருக்குப் போகலாமா?

ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்பது சாதாரணமாக வருவது. நம் பக்கம் கொலை, கோஷ்டி மோதல் கேஸ் என்றால் ஊருக்குள்ளேயே போகக் கூடாது, மதுரையிலோ திருச்சியிலோ தங்கி அங்கே கையெழுத்துப் போடு என்று விடுவதும் உண்டு. இது அவனுக்குத் தண்டனை என்று வீட்டில் அழுகிறார்கள். உண்மையில் பல நேரம் அவன் உயிருக்குத்தான் பாதுகாப்பு. கையெழுத்துப் போடப் போன வழியில் வெட்டுப்பட்ட செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்? தினமும் ஒரே நேரம், ஒரே பாதை என்று எதிராளிக்கும் தெரியும். அந்தப் பயம் உண்மையாகவே இருந்தால் நேரத்தையோ ஸ்டேஷனையோ மாற்றச் சொல்லி மனு போடலாம், கோர்ட் கேட்கும்.

கொடைக்குப் போக வேண்டும் என்றால் நிபந்தனைத் தளர்வு மனு. இரண்டு நாள் முன்னால் வந்து நிற்காதீர்கள், கொடைக்குக் கால் நாட்டும்போதே வாருங்கள். அந்தக் கொடையில்தான் தகராறே ஆரம்பித்தது என்றால் கிடைக்காது, அம்மனை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

நிபந்தனைகளுக்கும் எல்லை உண்டு. கூகுள் மேப்பில் இருக்கும் இடத்தைப் போலீசுக்கு எப்போதும் காட்ட வேண்டும் என்று போட்டதை 2024-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பாதிக்கப்பட்ட பெண்ணின் கையால் ராக்கி கட்டிக்கொள்ளச் சொன்ன நிபந்தனையையும் 2021-ல் கடுமையாகக் கண்டித்தது. சீமைக் கருவேலமரத்தை வெட்டச் சொன்ன ஜாமீன் உத்தரவு தமிழ்நாட்டில் வந்தபோது பத்திரிகைகள் பாராட்டின. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. மரம் நல்ல காரியம்தான், ஜாமீனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வாய்தாவுக்குப் போகல. என்ன ஆகும்?

உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே வக்கீலிடம் சொன்னால் ஆஜர் விலக்கு மனு போடுவார். சொல்லாமல் இருந்தால் பிடிவாரண்ட். வாரண்ட் வந்துவிட்டால் ஒளியாமல் நீங்களாகவே போய் ரத்து செய்யக் கேளுங்கள், போலீஸ் பிடித்துக் கொண்டு வருவதற்கும் இதற்கும் ஜட்ஜ் பார்வையில் நிறைய வித்தியாசம். ஜாமீனில் போனவர் வராமல் இருப்பதே பி.என்.எஸ். 269-ன் கீழ் தனிக் குற்றம், ஒரு வருடம் வரை தண்டனை. உங்களுக்காக நின்ற மச்சானிடம் பிணைத் தொகையைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் போகும். அதற்குப் பிறகு அவர் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருவாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல கேஸ். முன்ஜாமீன் கிடைக்காதாமே?

பிரிவு 18 முன்ஜாமீனைத் தடுக்கிறது, அது சரி. புகாரைப் படித்தாலே அந்தச் சட்டத்தின் கீழ் குற்றமே இல்லை என்று தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு என்று 2020 தீர்ப்பு சொல்கிறது. கைதானபிறகு சிறப்பு நீதிமன்றத்தில் ஜாமீன் மனு, மறுத்தால் 14ஏ-வின் கீழ் ஹைகோர்ட்டில் மேல்முறையீடு.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் எதிரித் தரப்பு. "பொய் கேஸு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நம் மாவட்டத்தில் என்னென்ன நடந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று: எதிரியின் ஜாமீன் மனு விசாரணைக்கு வருவதை 15ஏ பிரிவின்படி உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், உங்கள் பேச்சையும் கேட்க வேண்டும். தெரிவிக்காமல் கொடுத்த ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம்.

மற்ற கேஸ்லயும் பாதிக்கப்பட்டவங்க பேசலாமா?

பேசலாம். 2022-ல் லக்கிம்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணையின் எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குப் பேச உரிமை உண்டு என்று சொல்லி, ஹைகோர்ட் கொடுத்த ஜாமீனையே ரத்து செய்தது. ஆட்சேபனை மனு போட்டு அரசு வக்கீலுக்கு உதவியாக உங்கள் வக்கீலை நிறுத்தலாம். வெளியே வந்தவர் வீட்டு முன்னால் பைக்கை முறுக்கினால், தேதி, நேரம், சாட்சியோடு புகார் கொடுங்கள். ஜாமீன் ரத்துக்கு வெறும் பயம் போதாது, நடந்த சம்பவம் வேண்டும்.

கஞ்சா கேஸ்?

எடையைப் பாருங்கள். ஒரு கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவானால் இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே விட்டாலும் குற்றம் செய்ய மாட்டார் என்று ஜட்ஜுக்கே திருப்தி வர வேண்டும், அப்போதுதான் ஜாமீன், நடைமுறையில் குதிரைக்கொம்பு. குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் அவகாசம். தண்டனை பத்து முதல் இருபது வருடம்.

ஜாமீன் கிடைச்ச அன்னைக்கே குண்டாஸ் போட்டுட்டாங்க. இது எந்த நியாயம்?

குண்டாஸ் என்பது தண்டனையும் இல்லை, விசாரணைக் காவலும் இல்லை. 1982-ம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் 14, தடுப்புக்காவல், அதிகபட்சம் 12 மாதம். மாநகரத்தில் போலீஸ் கமிஷனர், மாவட்டத்தில் கலெக்டர் உத்தரவு போடுவார். ஜாமீன் ஆர்டர் கையில் இருந்தாலும் வெளியே வர முடியாது. தடுப்புக்காவல் உத்தரவைப் பரிசீலிக்கிற அறிவுரைக் கழகத்தில் சொல்லிப் பார்க்கலாம், அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. முக்கியமான வழி மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. கொடுத்த ஆவணத்தில் பக்கம் படிக்க முடியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு கொடுக்கவில்லை, கோரிக்கை மனுவைப் பரிசீலிக்கக் காரணமில்லாமல் தாமதம் என்ற காரணங்களில் நிறைய உத்தரவுகள் உடைகின்றன. அதனால் உள்ளே கொடுக்கிற அந்தக் கட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒரு பக்கம் விடாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

விசாரணையே முடியாம வருஷக்கணக்கா உள்ள கிடக்கறவங்களுக்கு?

பி.என்.எஸ்.எஸ். 479. அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீன்; முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். பழைய கேஸ்களுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொலை மாதிரி ஆயுளோ தூக்கோ உள்ள குற்றத்துக்குக் கிடையாது, ஒன்றுக்கு மேல் கேஸ் இருந்தாலும் சிக்கல்.

குற்றவாளின்னு தீர்ப்பு சொன்ன உடனே தண்டனையும் சொல்லிருவாங்களா?

இடையில் ஒரு கட்டம் இருக்கிறது, அதைப் பலர் வீணாக்குகிறார்கள். குற்றவாளி என்று சொன்னபிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று ஜட்ஜ் கேட்டாக வேண்டும். எதிரி கை கூப்பி, "வயசான தாய் இருக்காங்கய்யா, ரெண்டு பிள்ளைங்க" என்பார். டைப்பிஸ்ட் அதை ஒரு வரியில் அடிப்பார். பெரும்பாலும் அதோடு முடிந்தது. அங்கே தாயாரின் மருத்துவச் சீட்டு, பிள்ளைகள் படிக்கிற சான்று, இத்தனை வருடம் ஒழுங்காக வாய்தாவுக்கு வந்த விவரம், காயம்பட்டவருக்குக் கொடுத்த நஷ்டஈடு என்று காகிதமாகக் கொடுத்தால் ஜட்ஜுக்குத் தண்டனையைக் குறைக்கக் காரணம் எழுத இடம் கிடைக்கும். அப்பீலிலும் அது பேசும்.

ஜட்ஜ் கையும் கட்டப்பட்டதுதான். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் மூன்று வருடத்துக்கு மேல் கொடுக்க முடியாது, தலைமை மாஜிஸ்திரேட் ஏழு. குறைந்தபட்ச தண்டனை எழுதியிருக்கிற சட்டத்தில் அதற்குக் கீழேயும் போக முடியாது. போக்சோவில் கடுமையான பாலியல் வன்முறைக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 20 வருடம், ஜட்ஜுக்கு இரக்கம் வந்தாலும் 20-தான்.

சின்னத் திருட்டு, முதல்முறை, வயது 21-க்குக் கீழே என்றால் 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டத்தைக் கேளுங்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார், பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். புதுச் சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனை: 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் முதல்முறை மாட்டிப் பொருளைத் திருப்பிக் கொடுத்தவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலாட்டா செய்தவர் மாதிரியான சிலருக்கு.

ஆயுள்னா 14 வருஷம்தானே? அப்போ "இரட்டை ஆயுள்"னா 28-ஆ?

இரண்டும் தப்பு. ஆயுள் என்றால் உயிர் இருக்கும்வரை. கொலை மாதிரி மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் வாங்கியவரைக் குறைந்தது 14 வருடம் முடியாமல் அரசு முன்விடுதலை செய்யக் கூடாது என்பதுதான் சட்டம், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 475. 14 ஆனதும் கதவு தானாகத் திறக்காது. அண்ணா பிறந்தநாள் மாதிரி சமயங்களில் அரசு அறிவிக்கிற முன்விடுதலைப் பட்டியலில் பேர் வர வேண்டும், நன்னடத்தை அறிக்கை சரியாக இருக்க வேண்டும்.

இரட்டை ஆயுள் பேப்பரில் பெரிதாக வரும். ஒரு ஆளுக்கு ஒரு உயிர்தானே, அதனால் ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது என்று 2016-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். மற்ற தண்டனைகளில் "ஏக காலத்தில்" என்ற வார்த்தை தீர்ப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 3 வருடமும் 5 வருடமும் ஏக காலத்தில் என்றால் மொத்தம் 5. ரிமாண்டில் இருந்த நாட்களும் கழியும், பிரிவு 468. அபராதம் கட்டாததற்கான சிறைக்கு அந்தக் கழிவு கிடையாது, ஆகவே அபராதத்தைக் கட்டிவிடுங்கள்.

தூக்கு என்றால் ஹைகோர்ட் உறுதி செய்தால்தான் செல்லும். 1980 பச்சன் சிங் தீர்ப்பின் "அரிதிலும் அரிது" அளவுகோல்தான் இன்றும்.

தண்டனை ஆயிட்டா உடனே ஜெயிலா?

ஜாமீனில் இருந்தவர், தண்டனை மூன்று வருடத்துக்குள் என்றால் அப்பீல் போடுகிற அளவுக்கு அதே கோர்ட்டே தண்டனையை நிறுத்தி வைக்கும். தீர்ப்பு நாளன்று இரண்டு ஜாமீன்தாரரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். விடுதலைதான் என்று நம்பி வெறுங்கையோடு வந்து சாயங்காலம் ஜெயிலுக்குப் போனவர்கள் நிறைய. மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு செஷன்ஸில் அப்பீல், 30 நாள். செஷன்ஸ் தீர்ப்புக்கு ஹைகோர்ட்டில், 60 நாள்.

ஒருத்தர் "ஜட்ஜ் நம்ம ஆளு, அம்பதாயிரம் குடுங்க"ங்கிறாரு. குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஜாமீன் கிடைத்தால் தன்னால்தான் என்பார், கிடைக்காவிட்டால் அடுத்த தடவை என்பார். மனு போட்ட வக்கீல் தவிர வேறு யாருக்கும் காசு கொடுக்க ஒரு காரணமும் கிடையாது.

வக்கீலுக்கே காசு இல்லன்னா?

பாளை கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருக்கிறவர், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர்க்காரர்கள் இதற்காகப் பாளைக்கு வர வேண்டாம், அங்கங்கே கோர்ட்டில் வட்டக் குழுவில் எழுதிக் கொடுக்கலாம், அல்லது 15100-க்கு போன் போடலாம். போகும்போது எஃப்.ஐ.ஆர். நகலும் ரிமாண்ட் தேதியும் கையில் இருக்கட்டும். அந்தத் தேதியை வைத்துத்தான் அவர்களும் 60-ஐயும் 90-ஐயும் எண்ணுவார்கள்.